பல் செட்டுக்காகத் திரும்பியவர்

ரேணுகாம்பாள் ஊமையாகிவிட்டாள் என்று முகாமில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

கோவளத்தை அடுத்த அந்தக் குப்பத்தை ஆழிப்பேரலை வாரிச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, மிஞ்சியவர்களை ரோட்டுக்கு மேற்கே தார் ஷீட் கொட்டகைகளில் குடிவைத்திருந்தார்கள். அங்கே அழாதவர்கள் இல்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கடலைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்கள். ரேணுகாம்பாள் மட்டும் முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கணவன் பூவராகனை மண்ணில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது. ஆறுதல் சொல்ல வந்த அதிகாரிகள் அதிர்ச்சி என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைக்குத் தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை.

அவள் குரலைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், எப்பேர்ப்பட்ட குரல் அடங்கிப்போனதென்று. அவள் மீன் ஏலக்காரி. படகு கரை தட்டும்போதே அவள் குரல் எழும்பிவிடும். அலையின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, மேலே பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கும் அன்றைய வஞ்சிரத்தின் விலை கேட்கும். அந்தக் குரலை நம்பித்தான் பாதிக் குப்பம் மீனை அவளிடம் கொட்டியது.

நாற்பது வயதுக்குள்ளேயே அவளுடைய ஈறு சீழ் பிடித்துவிட்டது. பல்லைக் காட்ட வேண்டுமென்றால் தாம்பரத்துக்குப் போகவேண்டும். போனால் அன்றைய ஏலம் போகும். நாளைக்கு, நாளைக்கு என்று புகையிலைப் பொடியை அப்பிக்கொண்டே காலத்தை ஓட்டினாள். பல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கடைசிப் பல்லும் போன பிறகு ஏலத்துக்கு நின்றால் வியாபாரிகள் சும்மா விடுவார்களா?

"இன்னாக்கா, வெலைய கேட்டா ஊதிக்கினு கீறே? காத்து நல்லா வருது, கணக்குதான் வரல."

அன்று சிரிப்புக்கு நடுவே கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தவள்தான். பூவராகன் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கடலுக்குப் போகாமல் அவளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் போனான். நாலைந்து நடை அலைந்து, மேலும் கீழும் முழு செட் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பல் இல்லாத அவள் வாயைப் பார்க்கும் உரிமை அதன்பின் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. செட் இல்லாமல் அவள் வாசற்படியைத் தாண்டியதே இல்லை.

அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏலம் முடிந்து வந்து, ஈறு வலிக்கிறதென்று செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணி ஏறுது, ஓடுங்க என்று சத்தம் கேட்டது. பூவராகன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். கடைசி வரிசை வீடுகளைத் தாண்டியபோது அவள் கை தானாக வாய்க்குப் போனது. நின்றுவிட்டாள்.

"யோவ், பல்லு."

அவன் சிரித்தான். அந்த நேரத்திலும் சிரித்தான். "நீ ஓடுமே. நான் எடுத்தாரேன்."

அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

உடலை அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது அவன் இடுப்பு மடியில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. ரேணுகாம்பாளுக்குத் தொட்டதுமே தெரிந்தது. வீட்டுக்குள் போயிருக்கிறான், எடுத்து மடியில் பத்திரமாகச் சொருகியிருக்கிறான், திரும்பியிருக்கிறான். யாரும் பார்க்குமுன் அதை உருவித் தன் முந்தானையில் ஒளித்தாள். பொழுது சாயும் நேரத்தில் கரைக்குப் போய் அந்தக் கடலிலேயே வீசினாள். அப்புறம் வாயைப் பொத்தினவள்தான், திறக்கவே இல்லை.

சுகாதார ஆய்வாளர் வைத்தீஸ்வரன் நல்ல மனிதர். முகாமில் காலரா தலைகாட்டாமல் காத்தவர். குளோரின் போடாத ஒரு குடத்தைக் கண்டாலும் கவிழ்த்துவிட்டுத்தான் நகர்வார். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம், கொசுவுக்குப் புகை என்று எல்லாம் அவர் தலையில். வாயைப் பற்றி யாருக்குமே நினைப்பு வரவில்லை. லாரி லாரியாக வந்திறங்கியது பிஸ்கட்டும் காய்ந்த ரொட்டியும். ரேணுகாம்பாள் அதைத் தண்ணீரில் ஊறவைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி விழுங்குவாள். பல நாள் அதையும் விழுங்கமாட்டாள். கன்னம் ஒட்டி, புடவைக்குள் ஆள் இருப்பதே தெரியாமல் ஆகிக்கொண்டிருந்தாள்.

கோடை தொடங்கும்போது தாம்பரத்திலிருந்து ஒரு பல் மருத்துவ வேன் வந்தது. இறங்கிய டாக்டர் சுந்தரவல்லி முகாமைச் சுற்றிப் பார்த்துவிட்டு வைத்தீஸ்வரனிடம் கேட்டாள்.

"இவ்வளவு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க சார். பல் செட் போனவங்க எத்தனை பேருன்னு யாராவது கேட்டீங்களா?"

"உயிரு போன எடத்துல பல்லா மேடம்?" அவர் கேலியாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தார்.

"உயிரோட இருக்கறவங்க சாப்பிடணுமே சார்."

வைத்தீஸ்வரன் தானே போய் வயதானவர்களை வரிசையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

ரேணுகாம்பாளை மகள் ஷர்மிளா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அதே குப்பத்தில் கட்டிக்கொடுத்த பெண். இடுப்பில் கைக்குழந்தை.

"பேச்சு போயிடுச்சு டாக்டர். இன்னும் கொஞ்ச நாள்ல ஆளே பூடும் போல கீது."

டாக்டர் முந்தானையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். ஈறெல்லாம் புண். "முதல்ல இது ஆறணும். அளவு மட்டும் இன்னிக்கே எடுத்துடலாம். வாயைத் திறங்கம்மா." அளவெடுக்கிற மாவைக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு வந்தபோது, ரேணுகாம்பாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"வாணாம்."

ஷர்மிளா திடுக்கிட்டாள். மாதக்கணக்கில் கேட்காத குரல். அதைக் கேட்டதுமே அவளுக்குள் அடைத்துவைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"அப்ப உன்னால பேச முடியுது. என்னாண்டதான் பேசமாட்டேன்ற. எனக்குத் தெரியும்மா. தண்ணி வந்தப்போ என் புள்ளைய மட்டும் தூக்கிக்கினு ஓடினேன். உங்க வூட்டாண்ட வந்து ஒரு கொரலு குடுக்கல. குடுத்திருந்தா நைனா பொழச்சிருப்பாரு. அதானே? திட்டும்மா. செருப்பால அடி. இப்படி வாயைப் பொத்திக்கினு மட்டும் கொல்லாதே."

ரேணுகாம்பாள் மகளையே பார்த்தாள். தன் மௌனம் இந்தப் பெண்ணின் தலையில் இப்படி ஒரு பாறையாக உட்கார்ந்திருந்ததா? பெற்றவள் அதைக்கூடக் காணாமல் இருந்தாளா?

"நீ இல்லடி." வாய் குழறியது. "நாங்க வெளியதான் வந்துட்டோம். நான்தான் பல்லுன்னு நின்னேன். உங்கப்பன் அதுக்குத் திரும்பிப் போனாரு. மடியில சொருகிக்கினு செத்தாரு. நான்தான்டி கொன்னேன்."

டாக்டர் கையில் குழைத்து வைத்திருந்த மாவு கிண்ணத்திலேயே இறுகிப்போயிற்று. ஷர்மிளா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மகளும் போய்விட்டாள் என்றே ரேணுகாம்பாள் நினைத்தாள். அன்று சாயங்காலம் கொட்டகையில் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஷர்மிளா வந்தாள். அழுது வீங்கிய முகம். கையில் குழைய வடித்த சோறு, முள் எடுத்து உதிர்த்த மீன். பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினாள். மூன்று வாய் போன பிறகுதான் பேசினாள்.

"நைனா எதுக்கு உள்ள போனாரு? நீ தலை நிமிந்து வெளிய வரணும்னு போனாரு. நீ பொத்திக்கினு குந்திகினு கீறே. அவரு போனதுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

ரேணுகாம்பாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கணவன் செத்ததற்கு அன்றுதான் அழுதாள்.

வேன் மறுபடி வந்தபோது அவளே வரிசையில் நின்றாள். புண் ஆறி, அளவெடுத்து, மெழுகில் வைத்துப் பார்த்து, செட் வந்து சேர மழைக்காலம் ஆகிவிட்டது. குப்பத்தில் வீடுகள் மறுபடி எழும்பின, புதுப் படகுகள் கடலில் இறங்கின. ஏலத்தில் அவள் குரல் முதல் நாள் நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை.

அடுத்த வருஷம் வைத்தீஸ்வரன் அவளைத் தேடி வந்தார். இனியொரு பேரலை வந்தால் என்ன செய்வது என்று ஊருக்கு ஊர் எச்சரிக்கைக் குழு அமைத்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் போனால் ஒலிபெருக்கி வேலை செய்யாது.

"கரையில விசில் ஊதினா நீங்க தெருத்தெருவா கூவிக்கிட்டே போகணும். அந்தக் குரல் வேற யாருக்கும் இல்லம்மா. ஒத்திகை எப்போன்னு மட்டும் சொல்லமாட்டோம்."

அவள் தலையாட்டினாள்.

ஒரு காலை, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது விசில் கேட்டது. செட் டம்ளரில் இருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும் தூரம்தான். நாளெல்லாம் ஏலத்தில் அவளைப் பல் செட்டோடு பார்த்துப் பழகிய ஊர் வெளியே இருந்தது. கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"ஓடுங்க. எதையும் எடுக்காதீங்க. போட்டது போட்டபடி ஓடுங்க."

சொற்கள் குழறின, காற்று வந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் மொத்தத் தெருவும் எழுந்தது. விக்கி என்ற படகுக்காரன் பாதி வழியில் வீட்டுப் பக்கம் திரும்பினான். அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

"யக்கா, வுடு. ஒத்திகைதானே, செல்லு உள்ள கீது."

"எவனும் உள்ள போவக்கூடாது."

சிரிக்க வாயெடுத்த விக்கி, பல்லில்லாத அந்த வாயையும் மேலே இருந்த கண்ணையும் பார்த்தான். திரும்பி ரோட்டு மேட்டைப் பார்த்து ஓடினான்.

ரோட்டு மேட்டில் ஊரே கூடியிருந்தது. வைத்தீஸ்வரன் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஷர்மிளா குழந்தையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். சுற்றிலும் ஊர் நிற்கிறது, முந்தானை தோளில் கிடக்கிறது, வாய் திறந்தபடி மூச்சு வாங்குகிறாள்.

"பல்லு எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வூட்டுல கீது."

"ஓடிப்போய் எடுத்தாரட்டா?"

ரேணுகாம்பாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"வாணாம். எறங்கலாம்னு விசில் ஊதட்டும்."