நானும் குடித்த மருந்து

எனக்கும் தங்கச்சிக்கும் காய்ச்சல் ஒரே வாரத்தில்தான் வந்தது. ஒரே வாரத்தில்தான் போனது. கைதட்டல் மட்டும் அவளுக்குக் கிடைத்தது.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பாவின் மகள். விம்பிள்டனுக்குப் பக்கத்தில், சட்டன் என்ற ஊரில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்களும் கீழே அவர்களும் குடியிருந்தோம். எண்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது, அவளுக்கு எட்டு. அந்தக் குளிர்காலத்தில் ஃப்ளூ வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பில் பாதிக் கதிரைகள் காலி. ரீவியில் ஒவ்வொரு மாலையும் அதே செய்தி.

மேலே எனக்கு அம்மா பரசிட்டமோலைத் தேக்கரண்டியில் நசுக்கி, சீனி தூவிக் கொடுத்துவிட்டு, போர்வையை இழுத்து மூடி, முதியோர் இல்லத்தில் தன் ஷிப்டுக்குப் போய்விட்டார். கீழே தங்கச்சியைப் பார்க்க வைத்தியரே வந்தார்.

அவரை எல்லோரும் வைத்தியர் என்றுதான் அழைத்தார்கள். ஊரில் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. கழுத்தில் முடிச்சுப் போட்ட ரை, நெற்றியில் மூன்று குறி விபூதி, கையில் தோல்பெட்டி. பெட்டிக்குள் மண்ணிறத் தூள் அடைத்த சிறிய போத்தல்கள். அந்தத் தூளைக் கொதிநீரில் போட்டால் வேர்க்கொம்புச் சுக்கும் கொத்தமல்லியும் மணக்கும். வேறு என்ன அதில் இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கிலீஷ் மருந்து காய்ச்சலை உள்ளே அமுக்கிவிடும், தன் மருந்து அதை வேரோடு வெளியே இழுத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. இந்த ஃப்ளூ உலகம் முழுவதையும் சுற்றி வருகிறதாம். அதை நிறுத்த வெள்ளைக்காரனால் ஏலாதாம். சித்தப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி மூன்று நாள் குடித்தாள். மூன்றாம் நாள் எழுந்து விளையாடினாள். நானும் மூன்றாம் நாள் எழுந்துவிட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் விம்பிள்டனில் வாடகைக்கு எடுத்த ஒரு தேவாலய மண்டபத்தில் எங்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அந்த வாரம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரை இருக்கச் சொல்லிவிட்டு வைத்தியர் பேசினார். பிறகு தங்கச்சியைத் தூக்கி மேடையில் நிறுத்தினார். அவள் கன்னத்தில் குழி விழச் சிரித்து, "எனக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் மாமான்ர மருந்து குடிச்சன். மூண்டு நாளில சுகம் வந்திட்டுது" என்றாள். மண்டபம் கைதட்டியது. காந்த மூடி போட்ட பென்சில் பெட்டி ஒன்று அவளுக்குப் பரிசாகக் கிடைத்தது. அடுத்த வாரம் வைத்தியரின் துண்டுப்பிரசுரத்தில் அவளுடைய முகம் வந்தது. போட்டோகொப்பியில் கறுத்துப்போயிருந்தாலும் அந்தக் கன்னக்குழி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாமி அந்தத் தாளைத் தன் தையல் மெசினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்திராவிட்டால்.

மாமி என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. கல்யாணம் செய்யவில்லை. விம்பிள்டனில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்துகொண்டு, உடுப்புத் திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சட்டை தைப்பவர் அவர்தான். ஆனால் துணியை விரித்ததும் முதலில் வெட்டுவது தங்கச்சிக்கு. "சின்னவள் தானே" என்பார். மிஞ்சிய துணியில் எனக்கு. இடுப்பில் எங்காவது ஒட்டுப் போட்டிருக்கும். அவளை "என்ர ராசாத்தி" என்று கூப்பிடுவார். என்னைப் "பிள்ளை" என்பார். பிள்ளை என்று அவர் பஸ் கொண்டக்டரின் மகளைக்கூடக் கூப்பிட்டிருக்கிறார்.

மாமிக்கு முட்டு, மூச்சிழுப்பு இருந்தது. குளிர் வந்தால் மூச்சு விசில் அடிக்கும். படி ஏறினால் பாதியில் நின்று, கைப்பையைத் துழாவி, நீல நிற மூச்சுப் பம்பை எடுத்து வாயில் வைத்து இரண்டு தரம் அடித்துக்கொள்வார். தோள்கள் உயர்ந்து தாழ்வதையும், ஒரு கை சுவரைப் பிடித்திருப்பதையும் நான் எத்தனையோ முறை பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளைப் பார்த்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலில் அவள் என்னைவிட என்ன பெரிதாகச் செய்துவிட்டாள்? எனக்கு வந்தது அவளுடையதைவிட ஒரு பாகை கூட. அம்மாவே சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை. சித்தப்பாவும் சித்தியும்தான் எங்களைக் கூட்டிப்போனார்கள். வகுப்பு முடிந்ததும் நான் நேரே வைத்தியரிடம் போனேன்.

"நானும் பேசப்போறன்."

அவர் குனிந்து பார்த்தார். "நீரும் குடிச்சனீரோ பிள்ளை?"

"ஓம்."

அது முழுப் பொய்யும் அல்ல. காய்ச்சலின்போது ஒருநாள் சித்தி மேலே வந்து ஒரு கரண்டி ஊட்டிவிட்டுப் போயிருந்தார். அவர் படியிறங்கும்வரை வாயில் வைத்திருந்து, கைகழுவும் பேசினுக்குள் துப்பினேன். வைத்தியர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சித்தியைத் திரும்பிப் பார்த்தார். சித்தி சிரித்தார். அவ்வளவுதான்.

மேடையில் ஏறியதும் முன்வரிசைகள் தெரிந்தன. மூன்றாவது வரிசையில் மாமி, மடியில் தங்கச்சி. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன மடி?

தங்கச்சி சொன்னதையே சொன்னால் யார் கேட்பார்கள்? நான் கூட்டிச் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் மட்டுமில்லை, முட்டும் வந்தது என்றேன். எப்படி வந்தது என்று செய்தும் காட்டினேன். தோள்களை உயர்த்தி, மேசையை ஒரு கையால் பிடித்து, தொண்டைக்குள் விசில் அடிக்க இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். "அம்மா இங்கிலீஷ் மருந்தெல்லாம் எறிஞ்சுபோட்டா. வைத்தியர் மாமான்ர மருந்து ஒரேயொரு நாள்தான் குடிச்சன். முட்டு நிண்டிட்டுது. பிறகு வரவேயில்லை."

கைதட்டல் தங்கச்சிக்குக் கிடைத்ததைவிடப் பெரிது. நான் எண்ணிப் பார்க்காவிட்டாலும் எனக்குத் தெரியும். சித்தி முகத்தைத் தாழ்த்திக்கொண்டு கைதட்டினார். மாமி தட்டவில்லை. தங்கச்சியை மடியிலிருந்து இறக்கிவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கோட்டுகள் தொங்கும் இடத்தில் என்னைத் தனியே நிறுத்தி இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய விரல்களில் ஊசி குத்திய தழும்புகள் சொரசொரத்தன.

"உண்மையாப் பிள்ளை? முட்டு நிண்டதோ?"

"ஓம் மாமி."

"பம்ப் ஒண்டும் அடிக்காமலோ?"

"ஓம் மாமி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் என்னை இழுத்து அணைத்தார். "என்ர ராசாத்தி" என்றார். கோட்டின் கம்பளியில் என் மூக்கு அழுந்தியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்றே சித்தப்பா மாமிக்கு இரண்டு போத்தல் வாங்கிக் கொடுத்தார். பம்ப் அடித்தால் மருந்து பிடிக்காது, இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் என்று வைத்தியர் சொன்னார். தக்காளியும் தயிரும் கூடாது என்றார். அடுத்த கிழமை மாமி மஞ்சள் பூப்போட்ட துணி விரித்தபோது முதலில் என் அளவை எடுத்தார். ஒட்டில்லாத சட்டை. தங்கச்சி பக்கத்தில் நின்று உதட்டைப் பிதுக்கினாள். அவள் உதடு பிதுங்கியதை நான் நெடுநேரம் ரசித்தேன்.

இரண்டு மூன்று வாரம் மாமி நன்றாகத்தான் இருந்தார், அல்லது நன்றாக இருக்கிறேன் என்று சொன்னார். பிறகு மாமிக்கும் ஃப்ளூ வந்தது. கடையில் தைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட, கடைக்காரப் பெண் அம்புலன்சுக்கு ஃபோன் அடித்திருக்கிறாள். மாமியின் கைப்பைக்குள் பம்ப் இல்லை. அதை அவர் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டார்.

ஐந்து நாள் ஆசுபத்திரியில் எங்களைப் பார்க்க விடவில்லை. ஆறாம் நாள் ஒரு ஞாயிறு பின்னேரம் எல்லோரும் போனோம். கட்டிலில் மாமி பாதியாகத் தெரிந்தார். மூக்கையும் வாயையும் மூடி முகமூடி. அதற்குள் மூச்சு ஆவியாகப் படிந்து படிந்து மறைந்தது. தங்கச்சி பூக்கள் வரைந்து கொண்டுபோன அட்டையைத் தாதி வாங்கித் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள். எனக்கு அட்டை செய்ய வேண்டும் என்று தோன்றவில்லையே என்று அங்கேயே நின்று எரிந்தேன்.

அப்பா கட்டில் ஓரத்தில் குந்தியிருந்தார். இளம் டொக்டர் ஒருவன் அவரைத் தனியே கூப்பிட்டு, இத்தனை வருடமாகப் பாவித்த மருந்தை மாமி ஏன் நிறுத்தினார் என்று கேட்டிருக்கிறான். அப்பாவின் முகம் சிவந்திருந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"ஆரக்கா உங்களுக்கு அதை நிப்பாட்டச் சொன்னது? அந்தப் பெட்டிக்காரனோ? ஆரின்ர கதையைக் கேட்டனீங்கள்? சொல்லுங்கோ."

சித்தப்பா யன்னலுக்கு வெளியே கார்த் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வைத்தியரிடம் அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். தக்காளி சாப்பிட்டிருப்பா என்று பதில் வந்திருந்தது. சித்தி தன் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார்.

மாமி முகமூடியைச் சற்றே தூக்கினார். கண்கள் எங்கள் எல்லோர் மேலும் மெல்ல ஓடின. சித்தப்பாவில் நிற்கவில்லை. தங்கச்சியில் நிற்கவில்லை. என்னிடம் வந்து நின்றன. நான் அந்த மஞ்சள் பூச்சட்டையைத்தான் போட்டிருந்தேன். மாமி பார்க்கட்டும் என்று கோட்டின் பொத்தான்களையும் கழற்றி விட்டிருந்தேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லைத் தம்பி," என்றார் மாமி. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு எடுத்தார். "நான்தான். என்ர விசர் எண்ணத்தில நிப்பாட்டினது."

"சும்மா நிப்பாட்டினீங்களோ?"

"ஓம். சும்மா."

எனக்குச் சுருக்கென்றது. இது என்ன அநியாயம்? மண்டபம் முழுக்கக் கைதட்டிய என் பேச்சை மாமி மறந்துவிட்டாரா? கோட்டுகளுக்கு நடுவில் வைத்து மூன்று தரம் கேட்டாரே, நான் சத்தியம் பண்ணினேனே. தங்கச்சி பேசியதென்றால் இப்படி மறந்திருப்பாரா? "நான்தான் மாமி சொன்னனான்" என்று நினைவூட்ட வாயைத் திறந்தேன். சித்தி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். நகம் பட்டது. மாமி என்னைப் பார்த்து மெல்ல, இல்லை என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, முகமூடியை இறக்கிக்கொண்டார்.

மாமி பிழைத்துக்கொண்டார். ஆனால் கடைக்கு மேலிருந்த தன் அறையின் படிகளை அவரால் அதன்பிறகு ஏற முடியவில்லை. கீழ்த்தள அறை ஒன்றை நகரக் கவுன்சில் கொடுத்தது. கடை வேலையும் போனது. இதைப் பற்றி அவர் சாகும்வரை யாரிடமும் ஒரு சொல் பேசியதில்லை, என்னிடமும்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் யன்னல்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பயத்தில் இருக்கிறேன் என்று அம்மா நினைத்து என் தலையைத் தடவினார். பயம் இல்லை. பொறாமைதான். மாமிக்கு அட்டை கொடுத்தவள் நினைவிலிருக்கிறாள், பேச்சுப் பேசியவளை மட்டும் மறந்துவிட்டார் என்ற பொறாமை. இரண்டு பேரில் யார்மேல் மாமிக்கு அன்பு கூட என்று, என் பெயரைச் சொல்லாமல் விட்டதிலேயே, அந்தக் கட்டிலில் கிடந்தபடி அவர் சொல்லிவிட்டார். பத்து வயதில் எனக்கு அது கேட்கவில்லை.