நாக்கில் ஒட்டிய எலும்பு

சுங்குவார்சத்திரத்துக்கு அப்பால், புதுக் கம்பெனி வரப்போகிற நிலத்தில் பழங்காலத்துத் தோல் கிடங்கு ஒன்று மண்ணுக்குள் கிடந்தது. நான் வேலை பார்த்த ஃபேக்டரியில் எங்கள் அசெம்பிளி லைனை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஹாஸ்டலிலிருந்து அங்கே மண் சலிக்கப் போனேன்.

தோண்டும் வேலையை நடத்தியவர் தொல்லியல் துறை மேடம். வெயிலில் கறுத்த முகம், தொளதொளவென்று ஆண்கள் சட்டை. சல்லடையில் சந்தேகமாக எது வந்தாலும் ஊதிவிட்டு நாக்கில் வைப்பார்.

“கல்லு ஒட்டாது. பழைய எலும்பு ஒட்டிக்கும்” என்றார். தோலுக்கு உப்புத் தேய்த்த கூலியாட்கள் இங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒருநாள் ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். நாக்கில் வைத்தேன்.

“ஒண்ணும் தெரியல மேடம். கல்லுதான்.”

வாங்கி, மறுமுனையைத் தன் நாக்கில் வைத்தார். அது விழாமல் தொங்கியது. பிடுங்கி எடுத்துவிட்டுச் சொன்னார்.

“ஆட்டுக் கால் எலும்பு. ஆட்டுல கறியே இல்லாத எடம். இதத்தான் அவங்களுக்குக் குடுத்திருக்காங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ காலைல என்னம்மா சாப்ட்ட?”

ஹாஸ்டல் மெஸ்ஸில் வரிசையில் நின்றது ஞாபகம் இருந்தது. தட்டைக் கழுவியதும் ஞாபகம் இருந்தது. நடுவில் என்ன சாப்பிட்டேன் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

இட்லியா, பொங்கலா என்று அவரே அடியெடுத்துக் கொடுத்தார். இரண்டுக்கும் தலையாட்டினேன்.