சித்தி சொன்ன கடைசிக் காட்சி

என் அலமாரியில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. போட்டுப் பார்க்க இன்று கருவி இல்லை. போட்டாலும் அந்தப் படத்துக்கு முடிவு இல்லை. ஆனாலும் அதைத் தூக்கியெறிய எனக்கு மனம் வராது.

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் பத்தாவது மாடியில் எங்கள் வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தார். அவருக்கு நிச்சயம் செய்திருந்தவர் ஊருக்குப் போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு திரும்பினார். பாவி மனிதர்! அன்றிலிருந்து சித்தி அழவுமில்லை, சரியாகப் பேசவுமில்லை. ஃபேக்டரிக்குப் போவார், வருவார், தாழ்வாரச் சுவரோரம் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தார்.

ஒரு ஞாயிறு பிற்பகல் சித்தியே சிராங்கூன் சாலைக் கடையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வாடகைக்கு எடுத்து வந்தார். பெயரைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வீடியோ ஓடுகிறது என்றால் வாசலில் செருப்பு குவிந்துவிடும், அன்றும் குவிந்தது. படத்தில், காதலன் கைவிட்ட பெண் தன்னந்தனியாகக் கடற்கரைக்கு வருகிறாள். அலை காலைத் தொடுகிறது. சட்டென்று திரையில் ஏதோ புதுப்படத்துச் சிரிப்புக் காட்சி! யாரும் எடுக்காத படம்தானே என்று கடைக்காரர் அதன் மேலேயே வேறொன்றைப் பதிவுசெய்திருக்கிறார்.

“அட கடவுளே, அவளுக்கு என்னதான் ஆச்சுலா?” என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார்.

சித்தி எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். “நான் பாத்திருக்கேன். சொல்றேன்.”

சொல்லவா செய்தார்? அந்தப் பெண்ணாகவே மாறிவிட்டார். எதிரே கடல் இருப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். மாதக்கணக்கில் வராத கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிறகு திரும்பினார், குனிந்து சேலைக் கரையைப் பிழிந்தார். “போறவன் போகட்டும். எனக்குப் பசிக்குது” என்றார். அம்மாடி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மா அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சோற்றைப் பிசைந்து வந்து, அழுதுகொண்டே, அத்தனை பேர் முன்னிலையிலும் தங்கைக்கு ஊட்டினார். கேசட்டைக் கடைக்காரர் வெட்கப்பட்டு எங்களிடமே விட்டுவிட்டார்.

சென்ற மாதம் அந்தப் படம் இணையத்தில் கிடைத்தது. கடைசிக் காட்சியில் அவள் திரும்பவே இல்லை. கடலுக்குள் நடந்து போய்விடுகிறாள். இந்த முடிவு தெரிந்த அம்மா அன்று ஏன் அப்படி ஓடினார் என்று இப்போதுதான் புரிந்தது.

தெம்பனிஸில் இருக்கும் சித்திக்கு உடனே போன் போட்டேன். “சித்தி, முடிவையே மாத்திச் சொல்லிட்டீங்களே!”

எழுபதைத் தாண்டிய அந்தக் குரல் கலகலவென்று சிரித்தது. “படம் எடுத்தவனுக்குப் பசி தெரியாதுலா. நீ சாப்ட்டியா?”

கேசட்டைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.