பதினோராவது எண்

என் மருமகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வேலை என்னால் கிடைக்காமல் போனது. அதை அவளிடம் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. சொன்ன பிறகு மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்டை ஒட்டிய சின்ன அறைதான் டைம் ஆபீஸ். சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் எண் பொறித்த ஒரு பித்தளை டோக்கன். வேலைக்கு வருகிறவர் தன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவார். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. அவர் மஞ்சள் காமாலையில் மூன்று மாதம் படுத்திருந்தாலும் அந்த டோக்கன் அந்த ஆணியில்தான் தொங்க வேண்டும். எண் இல்லாமல் வருகிற புது ஆள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். "டிரம்முக்கு ஆள் கம்மியா இருக்குது சார், இன்னிக்கு ஒரு நாள் உட்டுடுங்க" என்று தோல் பதனிடும் டிரம்களின் சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் விட மாட்டேன். அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

பிற்பாடு விரல் ரேகை இயந்திரம் வந்து டோக்கன் பலகையைக் கழற்றினார்கள். அந்த இயந்திரத்தைக் கணினியோடு இணைக்கிற வேலையை யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே கற்றுக்கொண்டேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. வீட்டுக்கு இன்டர்நெட் வந்தபோது ரூட்டரை வேறு யாரையும் தொட விடவில்லை.

வீட்டில் நான், மனைவி, மருமகள், பேத்தி. மகனுக்கு ஒசூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். மருமகள் திருமணத்துக்கு முன் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள். வெளிநாட்டுக்காரர் கொடுக்கும் ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தோல் வந்ததா, அட்டை வந்ததா, கப்பலுக்கு எப்போது போகும் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிற வேலை. குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டாள். குழந்தைக்கு மூன்று வயதான பிறகு, வீட்டில் இருந்தபடியே அதே வேலையைச் செய்ய ஆள் தேடுவதாகச் சென்னையில் ஓர் ஏற்றுமதி அலுவலகம் அறிவித்திருந்தது. எழுதிப் போட்டாள். கணினி வழியாக ஒரு தேர்வு, அதைத் தொடர்ந்து நேர்காணல் என்று பதில் வந்தது. பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மெயிலை என் மனைவிக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மாவும் கல்லூரியில் படிக்கிற பெண்ணும் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் படிப்புக்கு உதவட்டும் என்று மருமகள் எங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். எனக்கு அது தற்செயலாகத் தெரிந்தது. கொடுத்ததில் தப்பில்லை. கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். என்னைக் கேட்காமல் கொடுத்தாள் என்பதுதான் உறுத்தியது. பாஸ்வேர்டை மாற்றினால் ஏன் என்று கேட்பாள். அதனால் யாருக்கும் தெரியாத வழி ஒன்றைப் பிடித்தேன்.

வீட்டில் நெட் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ஐபி முகவரி என்பது அதுதான். அது கிடைக்காத கருவி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், நெட்டுக்குள் போகாது. ரூட்டரில் நான் மொத்தம் பத்து எண்கள் மட்டும் வைத்தேன். பத்தையும் பத்துக் கருவிகளின் பேருக்கு நிரந்தரமாக எழுதினேன். மகனையும் சேர்த்துப் பெரியவர்கள் நான்கு பேரின் போன்கள், டிவி, மகன் வரும்போது கொண்டுவரும் லேப்டாப், கூடத்தில் இருக்கும் கணினி. ஜோலார்பேட்டையில் இருக்கும் மகளும் மருமகனும் பண்டிகைக்கு வருவார்கள் என்று அவர்களுக்கு இரண்டு. அலமாரியில் கிடந்த என் பழைய போனுக்கும் ஒன்று. அது உயிரோடு இல்லை. ஆனாலும் எண் அதனுடையது. பதினோராவதாக எது வந்தாலும் கேட்டுக்கு வெளியேதான்.

இரண்டு நாள் கழித்து பக்கத்து வீட்டு அம்மா வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டார். "ரெண்டு நாளா நெட்டு வர்லன்னு பொண்ணு பேஜார் பண்ணுது பாய். உங்க வூட்லயும் இல்லியா?" அவர் எல்லோரையும் பாய் என்றுதான் கூப்பிடுவார். லைனில் ஏதோ கோளாறு, இங்கேயும் வரவில்லை என்றேன். உள்ளே டிவியில் யூடியூப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு வந்தது.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு மழையில் இடி இறங்கி எங்கள் கணினியின் நெட்வொர்க் கார்டு போய்விட்டது. கடைக்குக் கொடுத்தோம். வேறு கார்டு போட்டுத் தேர்வுக்கு முந்தின நாள்தான் திருப்பிக் கொடுத்தார்கள். மருமகள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒருமுறை பார்த்துவிடலாமா மாமா என்று அங்கிருந்தே கேட்டாள். நான் பார்த்துவிட்டேன், ஓடுகிறது என்றேன். திரை ஒளிர்ந்ததை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

காலை பத்து மணிக்குத் தேர்வு. பத்தரைக்குள் நுழையாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். ஒன்பதரைக்குக் கணினியைத் திறந்தோம். நெட் இல்லை. கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. முகவரி கொடுக்க ஆள் இல்லாதபோது கணினி தானாகவே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். நூற்று அறுபத்தொன்பது என்று தொடங்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து முகவரியை விடுவித்துத் திரும்பக் கேட்கச் சொன்னேன். கேட்டது, கிடைக்கவில்லை. வயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். கணினியை அணைத்துப் போட்டேன். ஒவ்வொன்றும் மறுபடி எழுந்து வருவதற்கு ஆகும் நேரத்தில் என் மருமகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நேர்காணலுக்கென்று காலையிலேயே நல்ல புடவை கட்டியிருந்தாள்.

தேர்வைப் போனில் எழுத முடியாது, போன் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கவும் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. பேசுவதற்கே மாடிக்குத்தான் போக வேண்டும். அதனால் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் சொன்னாள்.

"பக்கத்து வூட்ல லேப்டாப் இருக்குது மாமா. அந்தப் பொண்ணு குடுக்கும். நான் அங்க போய் எழுதிட்டு வந்துடறேன்."

"பத்து நிமிஷம் இரும்மா. வந்துடும்."

"நேரம் ஆய்ட்டா உள்ளயே உட மாட்டாங்க மாமா."

"நான்தான் பாத்துக்கினு இருக்கேன்ல?"

என் மனைவி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, "போவட்டும் உடுங்களேன். நீங்க இன்னா அதுக்கு ஆப்ரேசனா பண்றீங்க?" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருமகள் லேப்டாப்புக்காகப் போய் நின்றால் அந்த அம்மா சிரித்த முகத்தோடு கொடுத்துவிடுவார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. மருமகள் வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள். பெரியவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அந்தப் பழக்கத்தைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

பத்து இருபத்தைந்துக்கு, வேறு வழியில்லாமல், என் போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தேன். பட்டியல் கண் முன்னால் வந்தது. பத்து எண், பத்துப் பெயர். ஒவ்வொரு கார்டுக்கும் பிறக்கும்போதே ஓர் அடையாளம் உண்டு, ரூட்டர் அதை வைத்துத்தான் ஆளை அறியும். கடைக்காரர் போட்டது புது கார்டு. ரூட்டரைப் பொறுத்தவரை எங்கள் கணினி, முன்பின் தெரியாத பதினோராவது ஆள். அது ஏறக்குறைய ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறது. உள்ளே விடாமல் வைத்திருந்தது நான்.

செத்துப்போன என் போனின் பெயரை அழித்தேன். ரூட்டர் அணைந்து எழுந்தது. கணினிக்கு முகவரி கிடைத்தபோது பத்து முப்பத்திரண்டு. மருமகள் உட்கார்ந்து கடவுச்சொல்லைப் போட்டாள். நுழையும் நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது.

"எப்படி மாமா வந்துச்சு?" என்று கேட்டாள்.

கார்டைச் சரியாகப் பொருத்தவில்லை, கொஞ்சம் அழுத்தினேன் என்றேன். கடைக்காரரின் தலையில் போட்டேன். அவள் என்னைப் பார்த்து, "பரவால்ல மாமா, நீங்க இன்னா பண்ணுவீங்க. காலையிலருந்து நின்னுக்கினே இருக்கீங்க, போய் டிபன் சாப்டுங்க" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் அதை ஒரு முட்டாள்தனம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். முடியவில்லை.

அன்று மதியமே அவள் அந்த அலுவலகத்துக்கு எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. நல்ல பதில். தவறு வீட்டுக் கருவியில்தான், அது சரி செய்யப்பட்டுவிட்டது என்றால் காரணத்தை எழுதி அனுப்புங்கள், வேறொரு நாள் தருகிறோம் என்றிருந்தது. அவள் ஓடிவந்து அதைக் காட்டினாள். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் எண்ணம். கடைக்காரர் சரியாகப் பொருத்தவில்லை என்றே எழுதலாமா என்று கேட்டாள்.

எனக்குப் பயம் வந்தது. அப்படி எழுதினால் அவள் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பாள். அவர் நேர்மையான மனிதர், வந்து கார்டைப் பார்ப்பார். பார்த்தால் கேள்வி வரும், கேள்வி ரூட்டருக்கு வரும், ரூட்டரில் பட்டியல் இருக்கிறது. பட்டியலை அழித்துவிட்டால் போதும் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. பயந்தவனுக்குப் புத்தி வேலை செய்யாது. லைன் கோளாறு என்று எழுதலாம், அதில் யார் மேலும் பழி வராது என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய, நான் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். எங்கள் பகுதியில் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது, சேவை நிறுவனத்திடம் முறையிட்டிருக்கிறோம், விரைவில் சரியாகும் என்று நம்புகிறோம். டைம் ஆபீசில் எத்தனையோ மெமோ எழுதிய கை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. வீட்டில் இருந்தே செய்யும் வேலை என்பதால் நிலையான இணைப்பு உள்ளவர்களையே எடுக்க முடிகிறது, வருந்துகிறோம் என்று.

ஒரு மாதத்தில் அவள் ஆம்பூரிலேயே ஒரு ஷூ தொழிற்சாலையில் சேர்ந்தாள். அவளுடைய பழைய வேலை இல்லை. தைத்து வரும் ஷூக்களில் குறை பார்க்கிற வேலை. காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். முதல் வாரம் பேத்தி பஸ்ஸின் பின்னால் ஓடப் பார்த்தாள், நான் பிடித்துத் தூக்கிக்கொண்டேன். அப்புறம் ஓடுவதை விட்டுவிட்டாள். அதன் பிறகு அம்மா குளித்துவிட்டு வந்தாலே என் மனைவியின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். மருமகள் தலை வாரும்போது கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பாள். மாலை ஏழு மணிக்குத் திரும்பி வருவாள். எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. மூட்டு வலித் தைலம் தீர்ந்துவிட்டதா என்று அவள்தான் கேட்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏறிப் போய்ச் சொன்னேன். பத்து எண்கள், பக்கத்து வீட்டுப் பெண், புது கார்டு, எல்லாவற்றையும். அவள் கையில் பேத்தியின் பாவாடை இருந்தது, அதை உதறாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த மெயிலு?" என்றாள்.

"அதுவும் தெரிஞ்சேதாம்மா சொன்னேன்."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நெட்டு வராததுகூடப் பரவால்ல மாமா. யாருக்கும் ஆவறதுதான். அந்த மெயில நீங்க சொல்லச் சொல்ல, உங்க பக்கத்துல உக்காந்து நான்தானே அடிச்சேன்."

பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்த துணியை எடுத்தாள். நான் மன்னிப்பு என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தேன், அதைச் சொல்ல இடம் வரவில்லை. படியிறங்கி வந்துவிட்டேன்.

அவள் என் மகனிடம் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தைலத்தைப் பற்றி இன்னமும் கேட்கிறாள். ரூட்டரின் பட்டியலை மாடியில் சொன்ன அன்றே அழித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்னும் போகவில்லை, போக வேண்டும்.

சென்ற வாரம் ஒரு மாலை, பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து முகம் கழுவியதும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். எந்த அலுவலகத்துக்கோ எழுதுகிறாள் என்று புரிந்தது. பேத்தி மேசைக்கு அடியில் அவள் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷத்தில் நான் எழுந்து போய், ஒருமுறை படித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டேன்.

"வேணாம் மாமா" என்றாள், மரியாதையாக. "நானே பாத்துக்கறேன்."

அவள் எழுதி முடிக்கிறவரை நான் அந்தப் பக்கம் போகவில்லை.