நாற்பத்து மூன்று பேய்ப் பெயர்கள்

பதினோரு நாளில் நாற்பத்து மூன்று பெயர்கள் யோசித்தேன். எல்லாம் ஒரே பேய்க்கு. பேய் என்னுடையது அல்ல, என் மருமகளுடையது.

மருமகள் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் ஆட்களின் பெயரை வாசித்து வருகை குறிப்பதும், சாயங்காலம் அவர்களைத் தலை எண்ணி ஜீப்பில் ஏற்றுவதும் அவள் பொறுப்பு. ஜீப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் செல்போனில் பேய்க்கதை எழுதுவாள். ஆறு வருடமாக எழுதியிருக்கிறாள். மதுரையில் ஒரு பதிப்பாளர் அவளுடைய நாவலைப் புத்தகமாகப் போடச் சம்மதித்த திங்கட்கிழமைதான் எனக்கே அது தெரிந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். நான், மகன், அவள். மூன்றில் ஒருவர் ஆறு வருடமாக எழுத்தாளர் என்பது மற்ற இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பதிப்பாளர் ஒரு நிபந்தனை வைத்தார். பேயின் பெயர்தான் புத்தகத்துக்கும் தலைப்பு. அவள் வைத்திருந்த 'காரிருளன்' என்ற பெயருக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். அடுத்த வாரச் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் நல்ல பெயர் சொன்னால் அட்டை அச்சுக்குப் போகும். இல்லையென்றால் அந்த இடத்தில் வேறொருவர் புத்தகம். அதன் பிறகு எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. இதைச் சொல்லும்போது மருமகள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அன்றைய குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள்.

நான் கணிதம் படித்துவிட்டு, போடியில் ஏலக்காய்க் கடையொன்றில் முப்பத்து நான்கு வருடம் தரம் பிரித்தவன். சல்லடையில் போட்டால் பெரிய காய் மேலே நிற்கும், சின்னது கீழே விழும். பெயர்களையும் அப்படிச் சலித்துவிடலாம் என்று நினைத்தேன். வல்லினம் இல்லாமல் கூடாது. நெடில் ஒன்றாவது வேண்டும். மெல்லினம் இரண்டுக்கு மேல் கூடாது. ஒரு தாளில் கோடு போட்டு எழுதினேன். பாதி வடமொழிச் சாயல், பாதி எந்த மொழி என்று எனக்கே தெரியாதவை.

அவற்றை மருமகள் தோட்டத்துக்குக் கொண்டு போனாள். காய் எடுக்கும் பதின்மூன்று பெண்களும்தான் அவளுடைய முதல் வாசகர்கள். ஏலச் செடியின் தூரில் உட்கார்ந்து காய் எடுக்கும்போது அவள் கதை சொல்ல, அவர்கள் கேட்பார்கள். சாயங்காலம் தீர்ப்பு வரும்.

"மாமா, க்ரிமோரான் தேறலை."

"ஏன், என்ன குறை?"

"டேங்குக்கு எத்தனை மில்லி கலக்கணும்னு கேக்குறாக."

"ஸைதராக்?"

"அது தண்டு துளைப்பானுக்கு அடிக்கிற மருந்தாம். மாசத்துக்கு ரெண்டு தடவை அடிச்சாப் போதுமாம்."

வருடம் முழுவதும் மருந்து டப்பாக்களைப் பார்க்கிறவர்கள் அவர்கள். வாயில் நுழையாத பெயரெல்லாம் பூச்சிமருந்து. வடமொழிப் பெயர்களின் கதி இன்னும் மோசம். 'வக்ரதூமன்' என்றதும் ஒருத்தி, "எங்க சித்தி மகளுக்குப் பாத்த மாப்பிள்ளை பேரு கணக்கா இருக்கு, கல்யாணப் பத்திரிகை அடிச்சிருவமா?" என்றாளாம்.

மருமகள் சரியாக உச்சரிக்கவில்லை என்று எனக்குச் சந்தேகம். பதினோராம் நாள், வியாழக்கிழமை, நானும் ஜீப்பில் ஏறினேன். ஓட்டுநர், பதின்மூன்று பெண்கள், மருமகள், நான். பதினாறு பேர். அது எத்தனை பேருக்கான வண்டி என்று கேட்டேன். "ஏறுற வரைக்கும்ணே" என்றார் ஓட்டுநர். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி முடிக்கும்வரை நான் கம்பியை விடவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு மேகம் இறங்கியது. ஏலச் செடி ஆளைவிட உயரம். அதற்குள் உட்கார்ந்திருப்பவர்களைச் சாதாரணமாகவே பார்க்க முடியாது. மேகத்தில் என் கைத்தடிகூடத் தெரியவில்லை. பயந்துபோய் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் நின்றுவிட்டது.

மூன்றாம் தடவைக்கு வாயைத் திறந்தபோது பக்கத்துச் செடியிலிருந்து ஒரு முதிய குரல் வந்தது. "ஐயா, பேரைச் சொல்லாதீக. மேகத்துக்குள்ள பேரைச் சொன்னா, இருக்குற எல்லாத்துக்கும் கேக்கும்."

அங்கே பெயர் காலையில் ஒரு தடவைதான், வருகை எடுக்கும்போது. அதன் பிறகு அக்கா, ஆத்தா, சின்னம்மா என்று முறைதான். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி மதினி. அந்த முதிய குரலுக்குரியவரை எல்லாரும் பெரிய மதினி என்கிறார்கள். அவரைவிட இளையவர் ஒருவர், சின்ன மதினி. கூட்டத்தில் மதினி என்று இருப்பவர்கள் அந்த இரண்டே பேர்.

மூன்றரை மணிக்கு வேலை முடிந்து ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். தூறலுக்காக எல்லாரும் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். சளி பிடித்தால் பதினைந்து நாள் விடாது என்பதால் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டேன். கீழே ஜீப்புப் பக்கத்தில் நின்று மருமகள், மேகத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு விரல் மடக்கினாள்.

"பதினாலு" என்றாள்.

யாரும் ஜீப்பில் ஏறவில்லை. தலை குறைந்தால் திரும்பப் போய்த் தேடுவார்கள். கூடினால், கூடியது யார் என்று தெரியாமல் ஒருவரும் ஏற மாட்டார்கள். இது எனக்குத் தெரியாது. எல்லாரும் ஏன் நிற்கிறார்கள் என்று நானும் கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் மருமகள் என் வேட்டியைக் கவனித்தாள்.

"மாமா! நீங்க ஏன் வரிசைக்குள்ள வந்தீக?"

சிரிப்பு வெடித்தது. "எனக்குப் பின்னாலயும் சின்னவளுக்கு முன்னாலயும்ல வந்தாரு" என்றார் பெரிய மதினி. "நாங்கூட நடு மதினி ஒருத்தி வந்துட்டாளாக்கும்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தோம். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தில் எதையோ எழுதினாள். பெரிய மதினி சொன்ன அந்த வார்த்தைகள் பதினாறு பேர் காதிலும் விழுந்தன. எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது ஒருத்திக்குத்தான். நான் முப்பத்து நான்கு வருடம் காய் பார்த்தவன். என் கண்ணெதிரே கிடந்ததை நான் பொறுக்கவில்லை.

அப்போது எனக்கு அது பிடிக்கவும் இல்லை. 'நடு மதினி'. ஐந்தே எழுத்து. அதில் மூன்று மெல்லினம். நெடில் ஒன்றுகூட இல்லை. "இதுல பயப்பட என்ன இருக்கு?" என்று வீட்டில் கேட்டேன்.

"பெரிய மதினி இருக்காக, சின்ன மதினி இருக்காக. நடுவுல யாரும் கெடையாது மாமா. ஆனா ஒருத்தி வந்து நிக்கிறா. எல்லாரும் அவளை முறை சொல்லித்தான் கூப்பிடுறாக. எப்பவுமே வீட்டுல இருந்தவ மாதிரி."

வெள்ளிக்கிழமை அந்தப் பெயரை வைத்துக் கதையின் முதல் அத்தியாயத்தைப் பெண்களுக்குச் சொன்னாள். யாரும் மருந்து அளவு கேட்கவில்லை. சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது பதின்மூன்று பேரும் ஓர இடத்துக்கு முண்டினார்களாம். நடுவில் உட்கார ஆள் இல்லை. இதைச் சொன்னபோது மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை அவளுக்கு வேலை. தோட்டத்தில் செல்போன் எடுக்காது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் பதிப்பாளர் கூப்பிடுவார் என்பதால் போனை என்னிடம் கொடுத்தாள். "நடு மதினின்னு சொல்லிருங்க மாமா. வேற எதையும் சொல்லிராதீக."

மகனும் வேலைக்குப் போய்விட்டான். நான் என் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றால் ஆறு வருட உழைப்பு போய்விடும். 'வக்ரதூமன்' என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவை சொன்னேன். ரேஷன் கார்டு வாசிப்பதுபோல் இருந்தது. பிறகு மற்றதைச் சொல்லத் தொடங்கி, 'நடு' என்றதும் நிறுத்திவிட்டேன். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. பகல் பத்தே முக்கால் மணி.

அப்போதுதான் விளங்கியது. நான் வைத்த பெயர்களெல்லாம் 'நான் பயங்கரமானவன்' என்று தானே வந்து சொல்பவை. கேட்டவுடன் அவற்றின் வேலை முடிந்துவிடும். அவள் எடுத்த பெயர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்குள் ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. அது யார் என்று நாம்தான் யோசித்துப் பயப்பட வேண்டும்.

பதினொன்று இருபதுக்கு போன் அடித்தது. சொன்னேன்.

"நடு மதினியா? குடும்பக் கதை மாதிரில இருக்கு. வேற எதாவது பேரு இருக்காய்யா?"

தாள் என் மடியில் இருந்தது. நாற்பத்து மூன்று. "இல்லைங்க" என்றேன். "இது ஒண்ணுதான்."

"யாருக்கு மதினி இவ?"

"தெரியலைங்க. கதையில வர்ற வீட்டுல அண்ணன்மாரு ரெண்டே பேருதான். மதினியும் ரெண்டே பேருதான் இருக்கணும்."

சத்தம் இல்லை. ஆறு எண்ணினேன். இணைப்பு போய்விட்டதோ என்று பயந்தபோது அவர் பேசினார். "எனக்கும் ரெண்டு அண்ணன்தான்யா." மறுபடியும் நான்கு எண்ணினேன். "சரி. அட்டைக்குக் குடுத்துர்றேன். இனிமே மாத்தாதீங்க."

சாயங்காலம் ஜீப்பு வரும் முனைக்கே போய் நின்றேன். மருமகள் இறங்கியதும் சொன்னேன். தூக்குச்சட்டியைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அவரு என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்க மாமா."

சொன்னேன்.

"இல்ல, மொதல்ல இருந்து."

மறுபடியும் சொன்னேன், நடுவில் அவர் பேசாமல் இருந்த இரண்டு இடங்களையும் சேர்த்து. ஜீப்பில் இருந்த பெண்கள் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, வெரசா முடிங்க, சோலி கெடக்கு" என்று ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆறு எண்ணுற வரைக்கும் அவருக்குப் பேச்சு வரலையா மாமா? நல்லா எண்ணுனீகளா?"

"நல்லா எண்ணினேன்."

"ஆறு" என்றாள், யாரிடமும் இல்லாமல். அதன் பிறகுதான் சிரித்தாள்.