மலையைத் தாண்டாத கார்

மருமகனின் அண்ணன் வீட்டு வாசலில் அந்தச் சாம்பல் நிறக் கார் குளித்து முழுகிப் பவுடர் போட்ட மாதிரி நின்றது. ரொட்டிக்காரம்மா அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேரே பின்சக்கரத்துப் பக்கம் போய்க் குந்தி, அடியில் எட்டிப் பார்த்தாள். பூராவும் கறுப்புப் பெயின்ட். வாடைகூட இன்னும் போகவில்லை. பன்னிரண்டு வருஷம் ஓடின காருக்கு, யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு இந்த மேக்கப் என்று அவளுக்கு அப்போதே சுருக்கென்றது.

"எழுந்திருங்க அத்தை. இந்த வயசுல குந்தினா தூக்கிவிட ஆள் தேடணும்" என்றான் மருமகனின் அண்ணன். பழைய கார்களை வாங்கி விற்கும் தரகன். எந்த நாளும் வெள்ளைச் சட்டைதான். அவன் விரலில் ஒரு பொட்டு கிரீஸை எவரும் பார்த்தது கிடையாது.

"ஆள் தேடுற பழக்கமே எனக்கு இல்ல தம்பி. நானா எழுந்துதான் பழக்கம்."

"காகிதமெல்லாம் பக்காவா இருக்கு. போன மாசம்தான் வருஷாந்திர வண்டிச் சோதனையில பாஸ் ஆச்சு. வேணும்னா யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தை எதற்கு விழுந்தது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ரொட்டிக்காரம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். மருமகன் சிரிப்பை மறைக்க இருமினான். மகள் தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் இதுதான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து தினமும் போய் வர வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையையும் பின்சீட்டில் வைத்துக் கூட்டிப் போவாள். அங்கேயே பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. நாற்பத்தோரு கிலோமீட்டர், அறுபத்து மூன்று வளைவு. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிக்கொள்கிறோம் என்று மருமகன் தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான்.

அந்தப் பாதையைப் பற்றி ரொட்டிக்காரம்மாவுக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டாம். பதினோரு வயதில் ரொட்டிக் கடைக்குத் தட்டுக் கழுவப் போனவள் அவள். மலைக்கு அந்தப் பக்கம் ரொட்டி கொண்டுபோகும் கடை வேனை முன்னே பின்னே நகர்த்தி நகர்த்தியே ஓட்டக் கற்றுக்கொண்டாள். இருபத்திரண்டு வயதில் ஒருநாள் காலை, டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "சாவியைக் குடுங்க" என்றாள். "பொம்பள ஓட்டினா ரொட்டி போய்ச் சேராது" என்றார். சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தது. அதே முதலாளி பின்னால் கடையையே அவளிடம் விற்றுவிட்டுப் போனார். இன்றைக்கு மூன்று வேன், ஒன்பது பேருக்குச் சம்பளம். யாரும் கைதூக்கி விட்டதில்லை. காலை வாரிவிட்டவர்களை எண்ணத் தொடங்கினால் பொழுது போய்விடும், கட்டினவனையும் சேர்த்து.

அந்த மலையில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டினாள். எட்டாவது வருஷம், முப்பத்து நான்காவது வளைவில், பிரேக் மிதி தரையோடு தரையாகப் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் முந்நூறு ரொட்டி, முன்னால் பள்ளம். கியரை இறக்கி, பாறையோடு வண்டியை உரசி உரசி நிறுத்தினாள். வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். துருவேறிய பிரேக் பைப் வெடித்திருந்தது. சோதனையில் பாஸ் ஆன காகிதமோ டாஷ்போர்டுக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அதற்குப் பிறகு தன் கண்ணால் பார்க்காத எந்த வண்டியின் அடிவயிற்றையும் அவள் நம்பியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாகனச் சோதனை நிலையத்துக்குப் போனாள். வருஷாவருஷம் அவளுடைய வேன்கள் வந்து நிற்கிற இடம். கவுன்ட்டர்காரிக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

"இது உங்க வேன் நம்பர் இல்லையேக்கா?"

"வாங்கப் போற கார். பொறந்ததுலேருந்து எத்தனை தடவை சோதனைக்கு வந்துச்சோ, அத்தனையும் வேணும்."

"போன்லயே பார்க்கலாமே இப்பல்லாம்."

"போன்ல விரல் வச்சா எழுத்து ஓடிப்போயிடுது. காகிதத்துல அடிச்சுக் குடு."

"பத்துப் பேருல ஒருத்தர்கூட வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேக்குறதில்ல, தெரியுமா?"

"அந்த ஒன்பது பேரும் இப்ப எந்தப் பட்டறை வாசல்ல நிக்கிறாங்கன்னு கேட்டுப் பாரு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். எழுத்து அவளிடம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எண்கள் அப்படியில்லை, கூப்பிட்டவுடன் வந்து நிற்கும். வருஷத்துக்கு ஒரு வரியென்று பன்னிரண்டு வரிதான் இருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தன. கடைசி இரண்டுக்கும் ஒரே தேதி.

காலை பத்து இருபது, இதே நிலையம்: பெயில். பின்பக்க அடிச்சட்டமான சேஸில் துரு, பிரேக் பைப்பில் அரிப்பு. மீட்டர் 1,18,406.

பகல் இரண்டு பத்து, மலைக்கு அந்தப் பக்கத்து நிலையம்: பாஸ். மீட்டர் 1,18,408.

மூன்று தடவை விரலை ஓட்டினாள். காலையில் பெயிலானது பகலில் பாஸானால், இடையில் பழுது பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாற்பத்தோரு கிலோமீட்டர் மலைப்பாதையில் மீட்டர் இரண்டே இரண்டு ஏறியிருந்தது. அந்தக் கார் மலையைத் தாண்டவே இல்லை. காகிதம் மட்டும் போய்ப் பாஸ் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவன் பேருக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறான். அந்தப் பாதையில் ஒருநாள் ஸ்டியரிங் பிடித்தவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அவரோட அண்ணனைத் திருடன்னு நான் போய்ச் சொல்லணுமா?" என்றாள் மகள். "என் கல்யாணத்தப்பவும் இப்படித்தான் எதையோ கண்டுபிடிச்சுக்கிட்டு வந்து நின்ன."

"கண்டுபிடிச்சேன். நீ கேட்டியா?"

"ஞாயித்துக்கிழமை நீ அங்க வராத."

"கூப்பிடாத எடத்துக்கெல்லாம் போய்த்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்" என்றாள் ரொட்டிக்காரம்மா. அதற்குள் அந்தப் பக்கம் போன் வைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். தரகன் பேனாவோடு வெளியே வந்தபோது காரின் பானெட்டில் அந்தக் காகிதம் விரித்துக் கிடந்தது.

"படிச்சுக் காட்டச் சொல்றேன்னீங்களே தம்பி. கடைசி ரெண்டு வரியை நீங்களே படிங்க, கேக்குறேன்."

அவன் பார்த்தான். காது மடல் சிவந்தது. "பழுது பார்த்துட்டு மறுபடி காட்டினோம். அதுல என்ன தப்பு?"

"மலைக்கு அந்தப் பக்கம் எப்படிப் போச்சு?"

"ஓட்டிட்டுத்தான்."

"ரெண்டு கிலோமீட்டர்லயா? மலையை மடிச்சு வச்சிருந்தீங்களா?"

"அது... லாரியில ஏத்திட்டுப் போனோம்."

"இப்பத்தான் ஓட்டினேன்னீங்க. சரி, லாரியாவே இருக்கட்டும். மலை ஏறி இறங்க லாரிக்கு ரெண்டு மணி நேரம். மீதி ரெண்டு மணி நேரம்கூட இல்ல. அதுக்குள்ள சேஸை வெட்டி ஒட்டி, பைப்பை மாத்தி, வரிசையில நின்னு பாஸும் வாங்கிட்டியா நீ? எந்தப் பட்டறைடா அது? பேரைச் சொல்லு, என் மூணு வேனையும் நாளைக்கே அங்க விடுறேன்."

'நீங்க' போய் 'நீ' வந்து, 'டா'வும் வந்துவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள்.

"மரியாதை! எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு..." என்று தரகன் குரலை உயர்த்தினான். "மூணாங்கிளாஸ் படிச்சுட்டு எங்களுக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டாங்க."

"அத்தை, அவரு என் கூடப் பொறந்தவரு" என்றான் மருமகன். "எனக்கே குழி பறிப்பாரா?"

"குழி உங்களுக்கு இல்ல மாப்பிள்ளை. நீங்க வேலைக்குப் பஸ்ல போறீங்க."

மருமகனுக்கு முகம் செத்துப்போயிற்று. ரொட்டிக்காரம்மா பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தாள். "அந்தக் கறுப்புப் பெயின்ட்ல இதை வச்சு ஒரு அழுத்து. உள்ள இரும்பு இருந்தா, இங்கேயே உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன்."

"காரைத் தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற" என்று தரகன் குறுக்கே வந்து நின்றான்.

அப்போதுதான் மகள் நகர்ந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்தாள். அம்மாவின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று பிடுங்கினாள். "தள்ளுங்க மாமா. ஓட்டப் போறவ நான்."

தரையில் மல்லாந்து படுத்துக் காருக்கடியில் நுழைந்தாள். ஒரு சத்தம் கேட்டது. ரஸ்க்கைக் கையால் நொறுக்கினால் வருமே, அந்தச் சத்தம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிருந்தது.

வெளியே வந்தபோது அவள் நெற்றியிலும் கண்ணிமையிலும் துருத்தூள். துடைத்துக்கொள்ளவில்லை. "இந்தக் கார்ல நான் ஏற மாட்டேன். உங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க" என்றாள் புருஷனிடம். அப்புறம் அம்மா பக்கம் திரும்பினாள். "இப்ப திருப்தியா? எல்லார் முன்னாடியும் வச்சுக் கிழிச்சாத்தான் உனக்கு வயிறு நெறையும், இல்ல?"

"தனியாத்தான் சொன்னேன். நீ போனை வச்சுட்ட."

மகள் குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்றான் தரகன்.

"எதுக்கும் உன் வாசப்படியையும் ஒருதடவை குத்திப் பாத்துக்க" என்றாள் ரொட்டிக்காரம்மா. காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மகள் வீட்டுத் தெருமுனையில் ரொட்டி வேன் நின்றது. யாரும் வரச் சொல்லவில்லை. ஓட்ட ஆள் வைத்தபின் அந்த மலைப்பக்கமே போகாதவள், அன்றைக்கு டிரைவரை இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்திருந்தாள். மகள் குழந்தையோடு வந்தாள். அம்மாவுக்கு முகம் கொடுக்கவில்லை. குழந்தையைப் பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டு, யூனிஃபார்மோடு அப்படியே பின்சக்கரத்துப் பக்கம் குந்தினாள்.

ரொட்டிக்காரம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது வருஷமாக அவள் வண்டியை ஒருத்தன் குறை சொன்னதில்லை. "என் வேனையா சோதிக்கிற?"

"யாரு வேனா இருந்தா என்ன. டார்ச் குடு."

கதவைத் திறந்து இறங்கிப் போய் நீட்டினாள். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வலது பக்கம் நல்லா அடிச்சுப் பாரு. அந்தப் பைப்பைப் போன வாரம்தான் மாத்தினேன். நம்ம வண்டி மாதிரி இந்த ஊர்ல எவன் வச்சிருக்கான்..."

"கொஞ்சம் பேசாம இரு" என்றது வேனுக்கடியிலிருந்து மகளின் குரல்.