மத்திகிரியில் ஒரு துண்டுக் கடல்

முனிவேலுக்கு முப்பத்தாறு வயது. இதுவரை கடலைப் பார்த்ததில்லை. நாட்றாம்பாளையம் மலையில் பிறந்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறவனுக்குக் கடலோடு என்ன வேலை? ஆனாலும் மத்திகிரி வாடகை வீட்டில், பீரோ நிற்கவேண்டிய இடத்தில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் ஒரு துண்டுக் கடல் வைத்திருந்தான். கடல் உப்புத்தூளை அளந்து கரைத்து, பவளக்கல் அடுக்கி, பெங்களூரிலிருந்து இரண்டு கோமாளி மீன்களை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். விரல் நீளம்தான், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெரியது பெண், சிறியது ஆண். மூன்று வருடமாக உயிரோடு இருந்தன. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உப்புநீர் மீன் வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு முதல் ஷிப்ட். கம்பெனிக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்தால், மனைவி மாதேஸ்வரி ஒன்பது முறை கூப்பிட்டிருந்தாள். பதினொரு மணிக்கே தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாம். தொட்டியில் பம்பு நின்று மூன்று மணி நேரம் ஆகிறது. பேட்டரி பம்பு போன வாரமே படுத்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தான். நம்முடைய அடுத்த வாரங்கள் எல்லாமே இப்படித்தான்.

கை கழுவக்கூட நிற்காமல் பைக்கை எடுத்தான். வீட்டில் இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. முழங்கை வரை கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கினான். காற்று இறங்கட்டும் என்று சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினான். ஒரு மணி நேரம் விடவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருக்க முடிந்தவர்கள் சொன்னது அது. பெண் மீன் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது.

மாதேஸ்வரிதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, தண்ணி மேல என்னாங்க இது, எண்ண மாதிரி?"

எட்டு மணி நேரம் மெஷினில் சூடு தணிக்க இரும்பின்மேல் ஓடும் கூலன்ட் எண்ணெய். தினமும் கடலைமாவு தேய்த்து மூன்று முறை கழுவிவிட்டுத்தான் தொட்டிப் பக்கமே போவான். இன்றைக்கு அவ்வளவும் அவன் கையோடு தொட்டிக்குள் போயிருந்தது.

கையை உருவிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. பம்பு ஓடி, மேலே மிதந்த எண்ணெயை அடிவரைக்கும் இழுத்தது. எந்தக் கரண்டுக்காகக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டிருந்தானோ, அதை அவனே ஓடிப்போய் அணைத்தான்.

சமையலறையில் ஒரு வாளி உப்புநீர் கரைத்து வைத்திருந்தது.

"நீ எடு மாதேஸ்வரி. என் கை வேணாம்."

அவள் அதுவரை மீனைத் தொட்டதே இல்லை. கிண்ணத்தைத் தொட்டிக்குள் விட்டுச் சிறியதை முதலில் மொண்டு வாளிக்கு மாற்றினாள். பெரியதிடம் கிண்ணம் போவதற்குள் அதன் செவுள் நின்றுவிட்டது.

"நான்தான் கொன்னுட்டேன்" என்றான். அவள் வாளியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

ஆண் மீன் பிழைத்துக்கொண்டது. அதற்கு இப்போது மாதேஸ்வரிதான் இரை போடுகிறாள். முனிவேல் ஷிப்ட் முடிந்து வந்து, மாவு போட்டு முழங்கை சிவக்கத் தேய்த்துக் கழுவிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்று பார்க்கிறான்.